வீடு கேட்டு எழுதும் மனு

வீடு கேட்டு வருகிறவரிடம் மனு எழுதுபவர் முதலில் கேட்பது, "மனை யார் பேர்ல இருக்கு?" என்பதைத்தான். கூரை ஒழுகுவது, சுவர் சாய்ந்திருப்பது, ஒரே அறையில் மூன்று தலைமுறை படுப்பது எல்லாம் அதற்குப் பிறகு. அரசு வீடு என்று மக்கள் சொல்வது பெரும்பாலும், சொந்த மனையில் கட்டிக்கொள்ள அரசு தவணை தவணையாகக் கொடுக்கும் பணம். மனை இல்லாதவருக்கு அந்தப் பணம் கேட்கும் வரிசையில் இடம் கிடையாது. அவர் வேறொரு அலுவலகத்தில், மனைக்கான வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர். வரிசை இரண்டு என்று தெரியாமல் வருடக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதுவே முதல் கேள்வியாகிவிட்டது.

இங்கே சொல்லும் மனுக்கள் எழுதப்படும் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் நகராட்சிகள். இரண்டும் தனித்தனி வட்டத்தின் தலைமையிடங்கள். இரண்டுக்கும் மேலே சிவகாசியில் சார் ஆட்சியர், அவருக்கு மேலே விருதுநகரில் ஆட்சியர். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு விருதுநகர் போகும் காலைப் பேருந்துகளில் மஞ்சள் பையும் பிளாஸ்டிக் உறையுமாக ஏறுகிறவர்களில் வீட்டு மனுக்காரர்கள் எப்போதும் உண்டு. மனு எழுதுபவருக்குப் பத்திர எழுத்தரைப் போல உரிமம் கிடையாது. மரத்தடியில் ஒரு மேசை, வெள்ளைத்தாள், கார்பன் என்று நடந்த தொழில் இப்போது பெரும்பாலும் கணினி மையங்களுக்குள் போய்விட்டது. ஆனால் வேலை மாறவில்லை. வந்தவர் சொல்லும் கதையைக் கேட்டு, அது எந்த அலுவலகத்தின் எந்த மேசைக்குப் போக வேண்டியது என்று தீர்மானிப்பதுதான் அன்றும் இன்றும் வேலையின் முக்கால் பங்கு.

அந்தத் தீர்மானத்துக்கு உதவும் காகிதம் வீட்டு வரி ரசீது. அதன் தலைப்பில் நகராட்சி என்று இருக்கிறதா, பேரூராட்சி என்று இருக்கிறதா, ஊராட்சி என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராஜபாளையத்தை ஒட்டிய செட்டியார்பட்டி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மம்சாபுரம் ஆகியவை பேரூராட்சிகள். அங்கே வீடு கட்ட உதவி என்பது பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவைச் சேரும். தமிழ்நாட்டில் அதை நடத்துவது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 1970-இல் குடிசை மாற்று வாரியம் என்று தொடங்கி 2021-இல் பெயர் மாறிய அதே வாரியம்தான். ஊராட்சிகளில் இருப்பவர்களுக்கு அந்த வாரியத்தோடு தொடர்பே கிடையாது. அவர்களுக்கு ஊராட்சி ஒன்றிய அலுவலகம், பி.டி.ஓ. நகரத்தை ஒட்டிய தெருவில் குடியிருந்து, டவுனுக்குள்ளேயே வேலை பார்த்து, ரசீதில் மட்டும் ஊராட்சி என்று இருக்கும் குடும்பங்கள் நகராட்சிக்கு மனு கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. மனு தள்ளுபடியாவதில்லை. உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்படுகிறது. அந்தப் பயணத்தில் ஒரு நிதியாண்டு போய்விடும்.

இந்த இரண்டு ஊர்களிலும் வாடகைக்குக் குடியிருப்போர் கூட்டம் பெரிது. நூற்பாலைத் தொழிலாளர்கள், சத்திரப்பட்டிப் பக்கம் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறிக்காரர்கள், கைத்தறிக் குடும்பங்கள், கடைகளில் நிற்கும் பெண்கள் எல்லோரும் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். ஒரு வாசல், வரிசையாக ஒற்றை அறைகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. மாத வாடகை கட்டுப்படியாகாதவர்கள் நகையை விற்றோ சீட்டு எடுத்தோ ஒரு மொத்தத் தொகை கொடுத்து ஒத்திக்குப் போகிறார்கள். காலிசெய்யும்போது தொகை அப்படியே திரும்பும் என்பது ஒத்தியின் கணக்கு. திரும்பாமல் இழுபட்ட ஒத்திகளும் மனு மேசைக்கு வருகின்றன, அவற்றில் பலவற்றுக்குக் கைப்பட எழுதிய ஒரு வெள்ளைத்தாள் கூட இருப்பதில்லை.

"வாடகைக்கு அரசாங்கம் ஏதாவது குடுக்குமா?" என்று கேட்பவருக்கு நேர்மையான பதில், கொடுக்காது என்பதே. அமெரிக்காவில் 1974-இல் வந்த சட்டத்தின் கீழ், ஏழைக் குடும்பம் தன் வருமானத்தில் 30 சதவீதம் அளவுக்கு வாடகை கட்டினால் மீதியை அரசு வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கும் வருடக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல் உண்டு. நம்மிடம் அதற்கு இணையான மாதாந்திர உதவி இல்லை. வாரியத்தின் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும்போது, வெளியேறும் குடும்பத்துக்கு வேறிடம் பார்த்துக்கொள்ள 24,000 ரூபாய் தருகிறார்கள். முன்பு அது 8,000. அந்த அடுக்குமாடியில் ஏற்கெனவே ஒதுக்கீடு பெற்றவர்களுக்கு மட்டும் உரியது அது. கொரோனா காலத்தில் புலம்பெயர் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பியதைப் பார்த்த பிறகு, 2020-இல் மத்திய அரசு குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2024-இல் தொடங்கிய நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலும் வாடகைக் குடியிருப்புக்கு ஒரு பிரிவு இருக்கிறது. லைன் வீட்டில் இருக்கும் தறிக்காரர் கையில் வாங்கி நிரப்பக்கூடிய விண்ணப்பமாக அவை வந்து சேரவில்லை. வீட்டுக் கொள்கை பெரும்பாலும் மனை வைத்திருக்கும் ஏழையை நினைத்தே எழுதப்பட்டிருப்பது இந்தத் துறையின் மிகப் பெரிய குறை. வாடகைக்காரர் எந்தக் கணக்கெடுப்பிலும் குடிசைக்காரர் இல்லை, ஓட்டு வீட்டுக்காரரும் இல்லை. அவர் கணக்கிலேயே இல்லை.

ஆகவே அவருக்கு எழுதப்படுவது வீட்டு மனு அல்ல, மனைப் பட்டா மனு. வட்டாட்சியருக்குப் போகும். வீட்டுமனை ஒப்படை என்று வருவாய்த்துறை சொல்லும் இது, வருவாய் நிலை ஆணை 21-ஐ ஒட்டி நடப்பது. கிராமப்புறத்தில் மூன்று சென்ட் என்பது எல்லோருக்கும் தெரிந்த அளவு. நகரத்தில் அதைவிடக் குறைவு. ஆதிதிராவிடர் குடும்பங்களுக்குத் தனியார் நிலத்தைக் கையகப்படுத்தி மனை கொடுக்க 1978-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அந்த மனு ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியருக்கு. எழுதுவதற்கு முன் மனு எழுதுபவர் செய்ய வேண்டிய வேலை, ஊரில் நத்தம் என்னும் குடியிருப்பு நிலம் காலி இருக்கிறதா என்று விசாரித்து, கிடைத்தால் சர்வே எண்ணை மனுவிலேயே குறிப்பிடுவது. "ஏதாவது ஒரு இடத்தில் மனை வழங்க வேண்டுகிறேன்" என்று முடியும் மனுவுக்கு, "தகுதியான நிலம் இல்லை" என்ற ஒற்றை வரி பதில் தயாராக இருக்கும். சர்வே எண்ணோடு போகும் மனுவை வி.ஏ.ஓ. நேரில் போய்ப் பார்த்துத்தான் அறிக்கை எழுத வேண்டும்.

ஏற்கெனவே புறம்போக்கில் குடியிருப்பவர் நிலை வேறு. புறம்போக்கு எல்லாம் ஒன்றல்ல. ஆட்சேபணையற்ற புறம்போக்கில் நெடுநாள் குடியிருந்தால் வரன்முறைப்படுத்திப் பட்டா கொடுக்க அவ்வப்போது அரசாணைகள் வருகின்றன. கண்மாய்க் கரை, ஓடை, வாய்க்கால் என்றால் வழியே இல்லை. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் கண்மாய்களும் நிறைந்த பகுதி இது. இடம் இல்லாதவர் போய் உட்கார்ந்தது பெரும்பாலும் அவற்றின் கரைகளில்தான். 2007-இல் கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்றத் தனிச் சட்டம் வந்தது. நீர்நிலைகளைப் பற்றிய உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் கடுமையானவை. முப்பது வருடத்து மின் இணைப்பு, வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்து, "இவ்வளவும் இருக்கே, பட்டா ஏன் கிடைக்காது?" என்று கேட்பவரிடம் உண்மையைச் சொல்வது கடினம். சொல்லித்தான் ஆக வேண்டும். அவருக்கு எழுத வேண்டியது மாற்று இடம் கேட்கும் மனு. அந்த இடத்துக்கே பட்டா கேட்டு எழுதிக் கொடுத்து காசு வாங்குவது அவரை ஏமாற்றுவது.

ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற கோயில் ஊர்களில் இன்னொரு வகை உண்டு. சுவரும் கூரையும் குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுடையது. மாதாமாதம் அடிமனை வாடகை கட்டிய ரசீது பாட்டன் காலத்திலிருந்து இருக்கும். அறநிலையத்துறைச் சட்டத்தின்படி அந்த நிலத்தை எளிதில் யாருக்கும் உரிமை மாற்ற முடியாது. அதனால் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் வீட்டு உதவியும் இல்லை.

மனை இருப்பவரின் காகிதங்களில் வரும் சிக்கல்தான் மனு எழுதுபவரின் அன்றாடம். முதல் சிக்கல், பட்டா தாத்தா பெயரில் இருப்பது. தாத்தாவுக்கு நான்கு பிள்ளைகள், அதில் ஒருவர் திருப்பூரில், ஒருவர் இறந்துவிட்டார், அவருடைய பிள்ளைகள் பேச்சுவார்த்தையில் இல்லை. குடியிருப்பவர் கடைசி மகனின் மகன். அவருக்கு வீடு வர வேண்டுமானால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்றவர்களிடமிருந்து விடுதலைப் பத்திரம், உட்பிரிவு, பெயர் மாற்றம் என்று ஐந்து படிகள் ஏற வேண்டும். ஒன்றரை சென்ட் இடத்துக்கு இவ்வளவும். பட்டியலில் பெயர் வந்த பிறகு இந்தப் படிகளைத் தொடங்கியவர்கள் பலர் வாய்ப்பைத் தவறவிட்டிருக்கிறார்கள். குறிப்பிட்ட நாளுக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் ஒதுக்கீடு பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் வருத்தமானது. பல வருடங்களுக்கு முன் விழா மேடையில் கொடுத்த இலவசப் பட்டா கையில் இருக்கும். லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். ஆனால் நிலத்தை யாரும் அளந்து காட்டியிருக்க மாட்டார்கள், அல்லது கிராமக் கணக்கில் ஏற்றியிருக்க மாட்டார்கள். இணையத்தில் அந்தச் சர்வே எண்ணைத் தேடினால் இன்னமும் அரசு நிலம் என்றே வரும். "பட்டா இருக்கே" என்று அவர்கள் நம்பியிருந்த இருபது வருடமும் அலுவலகக் கணக்கில் அவர்கள் மனை இல்லாதவர்களே. இந்த நிலையில் வீடு கேட்டு எழுதுவது வீண். "வழங்கப்பட்ட பட்டாவுக்கான மனையை அளந்து கல் நட்டு, கணக்கில் திருத்தம் செய்து தர" என்று வட்டாட்சியருக்கு எழுத வேண்டும். நில அளவையர் வரும் நாளில் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி வைத்துக்கொள்ளச் சொல்வது நல்லது. நத்தம் நிலவரித் திட்டத்தில் தோராயப் பட்டாவோடு நின்றுபோனவர்களும் இதே போலத் தூய பட்டாவுக்கு முதலில் எழுத வேண்டியவர்கள்.

பெயர்ப் பிழை மூன்றாவது. ஆதாரில் ஒரு தலைப்பெழுத்து, பட்டாவில் வேறு தலைப்பெழுத்து, வங்கிக் கணக்கில் கணவர் பெயர் சேர்ந்தும், ரேஷன் கார்டில் சேராமலும். காகிதத்தில் நால்வராக இருக்கும் ஒரே பெண்ணுக்குப் பணம் ஏறாது. பணம் ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் போகிறது. வீடு வேண்டும் என்று வருபவரை முதலில் ஆதார் மையத்துக்கு அனுப்புவது அவர்களுக்குக் கோபமூட்டும். ஆனாலும் அதுவே சரியான வரிசை.

இனிப் பட்டியல்கள். கிராமத்து வீட்டுத் திட்டங்களில் மனு கொடுத்தால் பெயர் சேரும் என்ற நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. உண்மையில் அந்தப் பட்டியல்கள் கணக்கெடுப்பிலிருந்து உருவாகின்றன. 2016-இல் வந்த பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டம், 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு நிரந்தரக் காத்திருப்புப் பட்டியலைத் தயாரித்தது. விட்டுப்போனவர்களுக்காக 2018-இல் ஆவாஸ் பிளஸ் கணக்கெடுப்பு தொடங்கியது, அடுத்தது 2024-இல். மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024-இல் தொடங்கியபோது, 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டத்துக்காக எடுத்த குடிசைக் கணக்கும் அதன் மறுகணக்கெடுப்பும்தான் அடித்தளமாக இருந்தன. அதாவது 14 வருடத்துக்கு முன் வாசலில் நின்று ஒருவர் எழுதிக்கொண்டுபோன குறிப்பு 2024-இல் ஒரு வீட்டைத் தீர்மானித்தது. கணக்கெடுக்க வந்த நாளில் செங்கல் சூளைக்கோ வெளியூர் அறுவடைக்கோ போயிருந்த குடும்பத்தின் கதவு பூட்டியிருந்தது. அந்தப் பூட்டு பல குடும்பங்களை ஒரு தலைமுறைக்கு வெளியே நிறுத்திவிட்டது. பத்து மனு ரசீது சேர்த்து வைத்திருப்பதைவிட, கணக்கெடுப்பு நடக்கும் வாரத்தில் குடும்பத்தில் ஒருவராவது வீட்டில் இருப்பது மேல். மனு எழுதுபவர் தன்னிடம் வருபவர்களின் கைப்பேசி எண்ணைக் குறித்து வைத்து, கணக்கெடுப்பு வரும்போது சொல்லிவிட்டால் அதைவிட நல்ல மனு எழுத முடியாது.

கூரை விஷயமும் இங்கே சேரும். தென்னங்கீற்றும் பனை ஓலையும் வருடாவருடம் மாற்ற முடியாமல், கடன் வாங்கி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டுவிடும் குடும்பம் உண்டு. அரசுக் கணக்கெடுப்புகளில் அந்த ஷீட் உறுதியான கூரை வகையில் எழுதப்பட்டு வந்திருக்கிறது. சுவர் மண்ணாக இருந்தாலும், சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியாவிட்டாலும், குடிசைக் கணக்கில் சேர்வது கடினமாகிவிடும். மழைக்குப் பிள்ளைகள் நனையக் கூடாது என்று செய்த செலவே குடும்பத்தைப் பட்டியலிலிருந்து விலக்குகிறது. பிரதமர் ஊரகத் திட்டத்தின் தகுதி நீக்க விதிகளில் சில தளர்ந்திருக்கின்றன. இருசக்கர வாகனமோ குளிர்பதனப் பெட்டியோ இருந்தால் தகுதியில்லை என்ற பழைய விதி 2024 கணக்கெடுப்பில் நீக்கப்பட்டது. மாத வருமான வரம்பு 10,000-லிருந்து 15,000 ஆனது.

பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அறிய நல்ல இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பயனாளிகள் பெயரை வாசித்துத் தீர்மானம் போடுவது அங்கேதான். "லிஸ்ட்ல பேர் சேத்துத் தாரேன்" என்று முன்பணம் கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கிராம சபைத் தீர்மானத்துக்கு வெளியே அவர்களால் ஒரு பெயரும் சேர்க்க முடியாது. ஒரு குடும்பம் தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்த பணம் திரும்பாமல், அதற்காகவும் ஒரு மனு எழுத நேர்ந்தது உண்டு.

மனுவைப் பொறுத்தவரை ஒரு பக்கம் போதும். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. முதியோர் உதவித்தொகை, வீடு, பட்டா மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் அது மூன்று துறைகளில் ஏதோ ஒன்றின் மேசையில் நின்றுவிடும். முதல் பத்தியில் வருவாய்க் கிராமம், சர்வே எண், குடியிருக்கும் காலம், இரண்டாவதில் குடும்ப விவரம், வருமானம், இந்தியாவில் எங்கும் குடும்பத்தார் பெயரில் உறுதியான வீடு இல்லை என்ற உறுதி, மூன்றாவதில் கோரிக்கை. முன்பு கொடுத்த மனுவின் எண்ணும் தேதியும் இருந்தால் பார்வையில் குறிப்பிட வேண்டும். வாசலில் அழுதவரின் கண்ணீரை மனுவில் ஏற்றப் பார்ப்பது புதிதாக எழுத வருபவர்களின் பழக்கம். அதைப் படிக்கும் எழுத்தருக்கு அதை வைத்து எந்தக் கோப்பையும் திறக்க முடியாது. "கணவர் இறந்து 6 வருடம், இறப்புச் சான்று இணைப்பு 3" என்ற வரிதான் அவருக்கு வேலை கொடுக்கும். விதவை, மாற்றுத்திறனாளி, மனநலம் குன்றிய பிள்ளை உள்ள குடும்பம் போன்றவற்றுக்கு முன்னுரிமை இருப்பதால் அந்தச் சான்றுகளை மறக்கக் கூடாது.

மனு கொடுக்கும் இடம் என்று பார்த்தால், பட்டா சம்பந்தப்பட்டதை வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் கொடுப்பது தனிப் பலன் தரும். கிராமக் கணக்குகள் எல்லாம் ஒரே இடத்தில் விரித்து வைக்கப்பட்டு, வி.ஏ.ஓ. முதல் வட்டாட்சியர் வரை உட்கார்ந்திருக்கும் நாட்கள் அவை. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 30 நாளில் பதில் கேட்கலாம். "ஏன் வீடு தரவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. "இந்த ஊராட்சியின் காத்திருப்புப் பட்டியலின் நகல், அதில் என் வரிசை எண்" என்று கேட்டால் வரும்.

மலையடிவாரத்துப் பளியர் குடும்பங்களுக்கு எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில், அத்திக்கோவில் பகுதிகளில் அவர்கள் குடியிருக்கிறார்கள். பழங்குடிச் சான்று வட்டாட்சியர் கொடுப்பதில்லை, சிவகாசி சார் ஆட்சியர் கொடுப்பது. 2023-இல் மிக நலிந்த பழங்குடிகளுக்காக வந்த ஜன்மன் வீட்டுத் திட்டத்தில் தமிழ்நாட்டின் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள் உண்டு, பளியர் இல்லை. அந்தத் திட்டத்தின் பெயரைப் போட்டு எழுதிய மனு திரும்பி வரும். குடியிருக்கும் இடம் வனத்துக்குள் என்றால் முதலில் 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமை கோர வேண்டும்.

வீடு கட்டுவதற்கான ஆணை கையில் வந்த பிறகும் மனு எழுதுபவரிடம் திரும்ப வருகிறார்கள், தொகையைப் பற்றி. கனவு இல்லத்தில் 360 சதுர அடிக்கு மூன்றரை லட்சம். பிரதமர் ஊரகத் திட்டத்தில் மத்திய அரசின் 72,000, மாநிலத்தின் 48,000, கான்கிரீட் கூரைக்காக மாநிலம் கூடுதலாகக் கொடுக்கும் 1,20,000. நகர்ப்புறத்தில் சொந்த மனையில் கட்டுபவருக்கு முதல் கட்டத் திட்டத்தில் 2,10,000 இருந்தது. எதுவும் முன்பணமாக வராது. அடித்தளம், லிண்டல், கூரை, முடிவு என்று ஒவ்வொரு நிலையும் முடிந்து, ஓவர்சியர் வந்து படம் எடுத்து இணையத்தில் ஏற்றிய பிறகுதான் அந்தத் தவணை. சிமென்ட்டும் கம்பியும் ஒன்றியத்திலிருந்து கொடுத்து விலையைக் கழித்துக்கொள்வார்கள். அடித்தளத்துக்கான கைக்காசு இல்லாமல் குழுக் கடன் எடுத்து, வாரத் தவணை கட்ட முடியாமல் லிண்டலோடு நின்ற சுவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆணை வாங்கிய அன்றே பழைய குடிசையைப் பிரித்துவிட வேண்டாம், கல்லும் மணலும் இறங்கி கொத்தனார் நாள் சொன்ன பிறகு பிரியுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பிரித்துவிட்டு ஒரு மழைக்காலம் முழுவதும் தார்ப்பாய்க்குள் இருந்தவர்கள் உண்டு.

கடைசித் தவணை ஏறியதும் வீட்டு வரியைப் பயனாளி பெயரில் போட ஒரு சிறு விண்ணப்பம், மின் இணைப்பில் பெயர் மாற்ற இன்னொன்று. வரி ரசீது வந்ததும் அதன் நகலைப் பட்டா, வாரிசுச் சான்று, பழைய மனு ரசீதுகள் இருக்கும் அதே உறையில் போட்டு, உறையின் மேல் சர்வே எண்ணை எழுதிக் கொடுத்தனுப்புவது வழக்கம்.